மேடும் பள்ளமுமாய் நாற்பத்தெட்டுச் சதுரம்

மார்ச் 3

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். போனில் பேசினால் கத்திவிடுவேன். கடிதத்தில் கத்த முடியாது. அதனால்தான் இது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. நூல் வேண்டும். நீ ஏதோ கம்பளி நூல் மில்லில் சாயப் பிரிவில் இருப்பதாக உன் அண்ணி விசாரித்துத் தெரிந்துகொண்டாள். விலாசமும் அவள் கொடுத்ததுதான்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை விரல்கள் மடங்குகின்றன, நீள்கின்றன. ஆனால் தொட்டால் தெரிவதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கட்டை. ஒட்டின நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளருமாம். முழங்கைக்குக் கீழே தையல் போட்ட இடத்திலிருந்து விரல்நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்தேன். இருநூற்று எண்பது.

கை ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். என் கையில் குரோஷா ஊசியைத் திணித்துவிட்டார். "நான் இருபத்தாறு வருஷம் லேத் ஓட்டினவன்ம்மா" என்றேன். "நல்லதாப் போச்சு சார், சுத்துறது உங்களுக்குப் பழக்கம்தானே" என்கிறார். அவரிடம் நாற்பது வருஷத்துப் பழைய தையல் பத்திரிகை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு போர்வை. நாற்பத்தெட்டுச் சதுரம், பத்து விதப் பின்னல். எல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கும். மொட்டு மொட்டாக ஒன்று, வரப்பு வரப்பாக ஒன்று, கூடை முடைந்தது போல, கயிறு முறுக்கினது போல. நான் கண்ணால் பார்த்துப் பின்ன வேண்டும். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் தடவி எது எது என்று சொல்ல வேண்டும். நரம்புக்கு அதுதான் வைத்தியமாம்.

நிறம்: கடுகு மஞ்சள், செங்கல், பாசிப்பச்சை, பால்வெள்ளை. பழைய காலத்துச் சோபா நிறங்கள். புதிதாகச் செய்து பழசு போலக் காட்ட வேண்டுமாம். நாம் பட்டறையில் பழைய பாகத்தைப் புதுசு போலக் காட்டிப் பிழைத்தோம். உலகம் தலைகீழாகத்தான் போகிறது.

நடுத்தரத் தடிமன் நூல் அனுப்பு. இது சமாதானக் கடிதம் இல்லை.

அண்ணன்

*

மார்ச் 11

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மில் வாசலில் காவலாளி கொடுத்தார். உறை மேலிருந்த எழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை எழுதினது என்று நினைத்தேன். பிரித்ததும் தெரிந்தது. அரைமணி நேரம் சாயத்தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு கோன் நூல் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் நிறம் தப்பின சரக்கு. கடுகு மஞ்சளில் கொஞ்சம் அழுக்கு ஏறியிருக்கும். பழசு போலத்தானே வேண்டும்? சாய மாஸ்டரிடம் கேட்டேன். "வீணாக் கெடக்குது, கொண்டு போ" என்றார்.

அண்ணா, இந்தப் பதினாலு மாதத்தில் உங்களுக்கு எத்தனையோ கடிதம் எழுதிக் கிழித்தேன். இதையாவது முழுசாக எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் சுற்றி நின்று, "அவன் கை லேத்துக்குள்ள இருக்கும்போது ஏன்டா ஸ்விட்சப் போட்ட?" என்று கேட்டார்கள். நீங்கள் "போடு" என்று சொன்னதாகச் சொன்னேன். நீங்கள் கட்டிலில் படுத்தபடியே, "நான் சொல்லவே இல்ல. என் முகத்துல முழிக்காத" என்றீர்கள். நீங்கள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அப்படியானால் கோளாறு என் காதில்தான்.

இங்கே வந்ததும் காது டாக்டரிடம் போனேன். காதில் எதையோ மாட்டி, பீப் சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தூக்கினேன். "காது பிரமாதமா இருக்கு" என்றார். அதன் பிறகுதான் பயம் அதிகமானது. காது நன்றாக இருந்தால், சொல்லாத வார்த்தையை என் மனசேதான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே நான் எந்த ஸ்விட்சையும் தொடுவதில்லை. தொட்டே ஆகவேண்டும் என்றால் "போடட்டுமா" என்று மூன்று தரம் கேட்பேன். எனக்கு இங்கே "மூணுதரம்" என்றுதான் பெயர்.

அண்ணா, அந்த வார்த்தையை உங்கள் மேல் போட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் வணக்கம்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நூல் வந்தது. பாசிப்பச்சை இரண்டு கோனும் ஒரே பச்சை இல்லை. ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒன்று குளத்துப் பாசி, இன்னொன்று சுவர்ப் பாசி. சாயப் பிரிவில் கண் தெரிந்தவர்கள் யாரும் இல்லையா?

முதல் சதுரம் சதுரமாக வரவில்லை. ஒரு பக்கம் பதினைந்து சென்டிமீட்டர், எதிர்ப்பக்கம் பதினேழரை. பிரித்துவிட்டேன். இரண்டாவது பனை விசிறி. ஐந்தாவதுதான் தேறியது. ஒவ்வொன்றையும் வெர்னியர் வைத்து அளக்கிறேன். கூடக்குறைய இரண்டு மில்லி வரை விடலாம், அதற்கு மேல் ரிஜெக்ட். உன் அண்ணி, "இது போர்வை, பேரிங் இல்ல. இழுத்தா வரும், விட்டாச் சுருங்கும்" என்று சிரிக்கிறாள். பட்டறையைப் பூட்டின நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பயிற்சி அறையில் எனக்கு இந்தப் பக்கம் ஒரு டீச்சரம்மா, அந்தப் பக்கம் கறிக்கடைக்காரர். கறிக்கடைக்காரர் என்னைவிட நன்றாகப் பின்னுகிறார். மொட்டுப் பின்னலில் ஐந்து தையலை ஒரே கண்ணில் போட்டு, மொத்தத்தையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். பொட்டென்று மேலே புடைத்துக்கொள்ளும். அவருக்கு முதல் தடவையே வந்தது. எனக்கு வயிற்றெரிச்சல்.

பதினொரு சதுரம் முடிந்தது. விரலுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

காதைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 15

அண்ணனுக்கு,

பச்சை விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. மாஸ்டரிடம் சொன்னேன். "ரெண்டும் வேற வேற தொட்டி. உங்கண்ணனுக்குக் கண்ணா, கருவியா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரே தொட்டியில் எடுத்தது நான்கு கோன் இத்துடன் வருகிறது. சுவர்ப் பாசியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய போர்வைகளில் நூல் தீர்ந்து வேறு நூல் சேர்த்த இடம் ஒன்று எப்படியும் இருக்கும் என்கிறார் மாஸ்டர்.

கறிக்கடைக்காரர் கதையைச் சாப்பாட்டு அறையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு அண்ணன் இருப்பதே இங்கே யாருக்கும் தெரியாது, அண்ணா. இப்போது எல்லோரும் தினமும் உங்கள் போர்வையை விசாரிக்கிறார்கள். "உங்கண்ணன் எத்தன சதுரம்?" என்கிறார்கள்.

அடுத்த மாதம் எனக்கு நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. ஒரு எட்டு வந்துவிட்டுப் போகட்டுமா? வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நீங்கள் பேசக்கூட வேண்டாம்.

தம்பி

*

மே 6

தம்பிக்கு,

வராதே.

நூல் போதும்.

அண்ணன்

*

மே 14

அண்ணனுக்கு,

சரி.

பால்வெள்ளை மட்டும் கடைசியில் போதாமல் போகும் என்று தோன்றுகிறது. ஓரம் கட்டுவதற்கும் அதுதானே வேண்டும். இரண்டு கோன் அனுப்பியிருக்கிறேன். பார்சலில் வேறு ஒன்றும் இல்லை. இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன்.

கை சீக்கிரம் குணமாகட்டும்.

தம்பி

*

ஜூன் 20

தம்பிக்கு,

இதை வலது கையால் எழுதுகிறேன். கையில் பேனா இருப்பது கண்ணுக்குத்தான் தெரிகிறது. ஆனாலும் எழுத வருகிறது. நடுவில் நிறுத்தாமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீயும் நடுவில் நிறுத்தாமல் படி.

மே மாதக் கடைசியிலிருந்து பரீட்சை ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணில் துணியைக் கட்டிவிட்டு, பத்து விதச் சதுரத்தையும் ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பார்கள். முதல் வாரம் மூன்று சரியாகச் சொன்னேன். அடுத்த வாரம் ஆறு. போன வாரம் ஒன்பது. டீச்சரம்மா கை தட்டினார். கறிக்கடைக்காரர் முதுகில் தட்டினார். உன் அண்ணி வீட்டுக்கு வந்து அழுதாள், சந்தோஷத்தில்.

எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை, தம்பி. சுண்டுவிரல் நரம்பு வேறு. அதற்கு அடியே படவில்லை. மூன்று விரலால் தடவுவது போல் காட்டிக்கொண்டு, சுண்டுவிரல் நுனியால் ஓரத்தை லேசாகத் தொட்டுச் சொன்னேன். எல்லோரும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

நேற்று பயிற்சியம்மா என் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கி உள்ளங்கையோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டுவிட்டார். "இப்பச் சொல்லுங்க சார்" என்றார். பத்துக்குப் பூஜ்யம். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் அடுத்தது என்னன்னு முடிவு பண்றேன். நீங்க பொய் சொன்னா நான் தப்பான வழியிலயே போயிட்டிருப்பேன்ல?" என்றார்.

அவர் என் கையைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அங்கேயே உட்கார முடியவில்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

தம்பி, நான் "போடு" என்று சொன்னேன்.

நீ சுவரோரம் ஸ்விட்ச் பெட்டிப் பக்கம் நின்றாய். அங்கிருந்து என் கை தெரியாது, தூண் மறைக்கும். "அண்ணா, போடட்டுமா?" என்று கேட்டாய். நான் லேத்தில் தண்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய தண்டு ஒன்றைப் பற்றி யோசனை. "ம், போடு" என்றேன். சொன்னது எனக்கே கேட்டது. கை உள்ளேதான் இருந்தது. கையுறையும் போட்டிருந்தேன். லேத்தில் நிற்கும்போது உறை போடாதே என்று நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உறை மாட்டித்தான் கையை இழுத்துக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் நீ நடந்ததைச் சொன்னதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. இருபத்தாறு வருஷ டர்னர், முதல் நாள் வேலைக்கு வருகிறவன்கூடச் செய்யாத தப்பைச் செய்தான் என்று அந்தத் தலைகள் நினைக்கப் போகின்றன. "நான் சொல்லவே இல்ல" என்று வாயில் வந்துவிட்டது. நாளைக்குத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ வரவில்லை. நான்தானே வராதே என்றேன். அடுத்த வாரம் ஊரைவிட்டே போய்விட்டாய். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட, சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

உன் காது நல்ல காது. உன் மனசும் எதையும் கற்பனை செய்யவில்லை. மே மாதம் வராதே என்று எழுதியது கோபத்தில் இல்லை. வாசலில் உன் முகத்தைப் பார்த்தால் சொல்லியாக வேண்டும், அந்தப் பயம்.

மன்னிப்புக் கேட்கவும் கூசுகிறது. நீதான் என்னிடம் கேட்டு எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் அலமாரியில் இருக்கிறது. உன் அண்ணியைப் படிக்க விடவில்லை.

அண்ணன்

*

ஜூலை 19

அண்ணனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றுதான்.

உங்கள் கடிதத்தை முதலில் நாலாகக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். ஒட்டின பிறகு மறுபடி கோபம் வந்தது. பதினேழு மாதம், அண்ணா! ஊரில் ஒரு கல்யாணத்துக்கு, ஒரு சாவுக்கு நான் வரவில்லை. தெரிந்தவர்களை ரயில் நிலையத்தில் பார்த்தால் தூண் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியைப் பார்த்து, "அவர் சொல்லல, நீயா நெனச்சுக்கிட்ட" என்று எனக்கு நானே சொல்லிப் பழகினேன். உங்களுக்கு விரல் மட்டும்தான் மரத்துப்போனது. எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. இதை எழுதாமல் "பரவாயில்லை அண்ணா" என்று எழுதினால் நானும் பொய் சொல்வதாகிவிடும்.

எழுதிவிட்டேன். இனி அடுத்ததைச் சொல்கிறேன்.

கடிதம் வந்த மூன்றாம் நாள், மாஸ்டர் வழக்கம்போல, "மூணுதரம், மோட்டாரப் போட யாரையாச்சும் கூப்பிடு" என்றார். நான் போய்த் தொட்டிப் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்தேன். ஒரே தரம், "போடறேன்" என்று குரல் கொடுத்தேன். "போடு" என்று பதில் வந்தது. போட்டேன். அவ்வளவுதான். தொட்டி சுற்றியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "என்னடா, பேர மாத்தணுமா?" என்றார். அந்தப் பக்கம் போய் முகம் கழுவினேன்.

கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அண்ணா. ஆனால் மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரித் தோள் சும்மா இருக்கிறது. அது கோபத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணியிடம் நீங்களே சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். வருகிறேன்.

தம்பி

*

ஜூலை 30

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். சமையலறையில் அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இத்தன மாசமா அந்தப் புள்ளைய உங்களோட சேந்து நானும் திட்டினேனே. என் வாயையும் சேத்துல்ல கெடுத்தீங்க" என்றாள். அப்புறம் மூன்று நாள் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேஜைக்கு வந்தது. நாலாம் நாள் உன் கடிதம் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்து வரிசையாகப் படித்தாள். காது டாக்டர் இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பட்டறைப் பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேரிடமும் சொன்னேன். ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கை போற நேரத்துல என்ன சொன்னோம்னு யாருக்குத் தெரியும்" என்கிறார்கள். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. திங்கட்கிழமை பிளாஸ்திரி போட்ட கையில் பயிற்சியம்மா ஒரு சதுரம் கொடுத்தார். ஆள்காட்டி விரலில் ஏதோ உருண்டது. ஜோடுக்குள் கல் இருந்தால் காலுக்குத் தெரியுமே, அப்படி. தூரத்தில். "என்னமோ இருக்கு, ஆனா என்னன்னு தெரியல" என்றேன். "தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அதுவே போதும்" என்றார். இன்னும் கொஞ்சம் தடவினேன். மொட்டு. கண்ணைத் திறந்தால் மொட்டேதான். அன்றைக்குப் பத்துக்கு இரண்டு. இன்று பத்துக்கு நான்கு. இதில் கலப்படம் இல்லை, கறிக்கடைக்காரர் சாட்சி.

நாற்பத்தெட்டும் முடிந்தது. எல்லாவற்றையும் சேர்த்து இணைத்துவிட்டேன். ஓரம்தான் பாக்கி.

எப்போது வேண்டுமானாலும் வா. வாசலில் நிற்கிற பேச்செல்லாம் வேண்டாம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 24

அண்ணனுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று பார்க்காதீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நேரில் சொல்ல வராதது சில பாக்கி. பேருந்து நிறுத்தத்தில் நீங்கள் வந்து நின்றதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை. வீட்டு வாசல் வரை பையை நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, பையின் காது அறுந்துபோயிற்று. அண்ணி, "வந்ததும் வராததுமா ஒரு பையப் பாழாக்கியாச்சு, ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றாரே, அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போர்வையை என் மடியில் போட்டு, "கொற சொல்லு" என்றீர்கள். சொல்ல ஒன்றும் இல்லை என்றதும் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் சுவர்ப் பாசி இருக்கிறது என்று காட்டினேன், சமாதானமானீர்கள். உண்மையில் எனக்குப் பிடித்த சதுரம் அதுதான். மற்றதெல்லாம் அந்தப் பத்திரிகை வந்த வருஷத்திலேயே பின்னினது போல அப்படியே இருக்கின்றன. புதுசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அண்ணி போர்வையைத் தனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டதும் சரிதான்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது பட்டறையில் நடந்தது. ஷட்டரைத் தூக்கியதும் நான் வெளியிலேயே நின்றேன். நீங்கள்தான் முன்னால் போனீர்கள். லேத்தின் மேல் வலது கையை வைத்தீர்கள். சட்டென்று எடுத்துக்கொண்டீர்கள். மறுபடி வைத்தீர்கள். "டேய், ஜில்லுனு இருக்குடா!" என்றீர்கள். நான் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டு நின்றோம். அந்த வழியாகப் போன யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

பட்டறைக்குத் திரும்பி வா என்று நீங்கள் கேட்காததற்கு நன்றி. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், மறுத்துவிட்டுக் கஷ்டப்பட்டிருப்பேன். எனக்கு இந்தச் சாய வேலை பிடித்திருக்கிறது. நிறம் சேர்க்கிற மேஜையில் என்னை உட்கார வைக்கப் போகிறார் மாஸ்டர். நீங்களும், உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றீர்களே, அந்தப் பெரிய ஒர்க்ஷாப்பில் அளவு சரிபார்க்கிற வேலைக்குப் போங்கள். பாவம், அங்கே வேலை செய்கிறவர்கள்தான்.

இப்போது காரணம். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாப்பிட்டேன். கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று சாய்ந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். டிக்கெட் பரிசோதகர். "ஐயா, வண்டி இதோட சரி, ஷெட்டுக்குப் போவுது, எறங்குங்க." இறங்கிப் பார்த்தால் என் ஊர் போய் மூன்று நிலையம் ஆகியிருக்கிறது. கூட்டம் ஏறி இறங்கியிருக்கும், பொருள் விற்கிறவர்கள் காதருகே கத்தியிருப்பார்கள். ஒன்றும் தெரியாமல் தூங்கியிருக்கிறேன். ஊரைவிட்டுப் போன பிறகு ஒரு நாளும் இப்படித் தூங்கினதில்லை, அண்ணா.

நல்ல வெயில். நடைமேடையில் மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "எந்த ஊருக்குப் போவணும்?" என்றார். "பின்னாடி விட்டுட்டு வந்துட்டேன்மா" என்றேன். அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார். திரும்பிப் போகிற வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதாம்.

இருக்கட்டும்.

தம்பி